‘சேகர் சொல்கிறார்’: திருவிடைமருதூர் பக்கம் ஒரு நெல்வயல்

சென்னையில் ஸ்பானிஷ் சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. மருத்துவர் என்றதும் ஆணை நினைக்காதீர்கள், எல்லோரும் அடங்கும்படி பேசப் பழகுங்கள் என்று வகுப்பில் முழங்குவேன். ஸ்பெயினில் நெல் பயிரிடும் மார்த்தா, காவிரிப் பாசன விவசாயிகளைப் பார்க்க ஆசைப்பட்டதால், போன ஐப்பசியில் மொழிபெயர்க்கக் கூடப் போனேன்.

காலை 5.40க்குக் கும்பகோணம் ரயில் நிலையம். காபி குடித்துவிட்டு 7.15 டவுன் பஸ். திருவிடைமருதூர் ஒன்பது கிலோமீட்டர், அரை மணி நேரம். பெண்களுக்குக் கட்டணமில்லை, கண்டக்டர் மார்த்தாவுக்கும் இலவசச் சீட்டு கொடுத்தார். அங்கிருந்து ஆட்டோவில் நான்கு கிலோமீட்டர், 120 ரூபாய்.

நாங்கள் பார்க்கப் போனது மலர்க்கொடி பயிர் செய்யும் வயல். கணவர் குவைத்தில். கோயில் நிலத்துக் குத்தகை மாமனார் பெயரில் இருந்தது, அவர் இறந்துவிட்டார். இப்போது சாகுபடி செய்வது யார் என்று கணக்கில் எழுத அன்று வி.ஏ.ஓ. வருகிறார். யார் பெயர் ஏறுகிறதோ அவருக்குத்தான் குத்தகை மாறும். கும்பகோணத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கும் கொழுந்தனார் சேகர், சலவை வேட்டியில் தயாராக வந்திருந்தார்.

களத்துமேட்டில் இருந்த ஒரே நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். நானும் அவரையே கேட்டேன்.

"என்ன ரகங்க?"

சேகர் தலையைத் திருப்பினார். "ஆயிரத்து ஒம்போது" என்றார் பின்னால் நின்ற மலர்க்கொடி.

"ஆயிரத்து ஒம்போதுங்க" என்றார் சேகர். நான் ‘சேகர் சொல்கிறார்’ என்று ஸ்பானிஷில் ஆரம்பித்தேன். உரம், களை, தண்ணீர் முறை எல்லாம் இப்படியே போனது.

ஐந்தாவது கேள்வியில் மார்த்தா குறுக்கிட்டார். "பதில் சொல்வது அந்தப் பெண். நீங்கள் ஏன் சேகர் என்கிறீர்கள்?"

வெட்கமாகப் போய்விட்டது. தமிழே தெரியாதவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. மலர்க்கொடி பக்கம் திரும்பிக் கேட்டேன். "என்னையா கேக்குறீங்க?" என்றவர், அப்புறம் நிறுத்தாமல் அரை மணி நேரம் பேசினார்.

10.30க்கு வி.ஏ.ஓ. வந்தார். அவரும் நேரே நாற்காலியிடம் போனார்.

"நாத்து என்னைக்கு விட்டீங்க?"

சேகர் தலையைத் திருப்பினார். மலர்க்கொடி வாய் திறக்கவில்லை.

"சொல்லுங்க அண்ணி."

"சாரு என்னையக் கேக்கட்டும் தம்பி."

வி.ஏ.ஓ. இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மலர்க்கொடி பக்கம் திரும்பினார். "சொல்லுங்கம்மா."

"ஆவணி பத்து. நட்டது புரட்டாசி பன்னெண்டு. என் பேரு மலர்க்கொடி."

போகிறவர்கள் குடையும் குடிதண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்லுங்கள், திரும்ப வண்டி கிடைக்காது. பதில் யார் வாயிலிருந்து முதலில் வருகிறது என்று கவனித்துவிட்டு நோட்டில் எழுதுங்கள். மார்த்தாவின் நோட்டில் நான் எழுதிக்கொடுத்த முதல் நான்கு பதில்கள் சேகர் பெயரில் இருந்தன. திரும்பும் பஸ்ஸில்தான் அவற்றை அடித்துவிட்டு மலர்க்கொடி என்று எழுதினேன். வி.ஏ.ஓ. எனக்கு முன்பே எழுதிவிட்டார்.