ரெகலாதோ என்று ஒரு வம்சப் பெயர்

எங்கள் கரும்பாலை ஊரில் தாய் தகப்பன் வைக்கிற பெயர் ஞானஸ்நானத்தோடு சரி. அதற்குப் பிறகு ஊர் வைப்பதுதான் பெயர். நெரேயோவுக்கு ஊர் வைத்தது ரெகலாவ். சும்மா கிடைத்தது, இனாம் என்று அர்த்தம்.

அது அவன்மேல் ஒட்டிக்கொண்டது அவன் வாழ்க்கையின் மிக நல்ல நாளில். ஆலைகளுக்கு இடையிலான பேஸ்பால் போட்டியில் நாங்கள் ஜெயித்த வருடம், சிறந்த ஆட்டக்காரர் பரிசை அவனுக்குக் கொடுத்தார்கள். அவன் மட்டை பிடித்த லட்சணமோ ஊருக்கே தெரியும். ஐந்து தடவை இறங்கினால் ஒரு தடவை அடிப்பான், அதுவும் தரையோடு உருளும். ஆனால் மட்டையாளனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவன் அவன். அடுத்த பந்தை எப்படிப் போடுவது என்று வீசுகிறவனுக்கு விரலால் சைகை காட்டுவதும் அவன்தான். அவன் கண்ணில் மண்ணைத் தூவி எதிரணிக்காரன் ஒருத்தன்கூட அடுத்த தளத்துக்கு ஓடியதில்லை. பரிசு கொடுத்தவர்களுக்கு இதெல்லாம் தெரிந்தது. ஊருக்கு மட்டை மட்டும்தான் கண்ணில் படும்.

கோப்பையோடு வந்தவனை, கடை வாசலில் டோமினோ ஆடிக்கொண்டிருந்தவர்கள் மடக்கினார்கள்.

"வாய்யா ரெகலாவ்! கப்பை இனாமாக் குடுத்தவங்க, கூடவே ஒரு நல்ல மட்டையும் குடுக்கலையா?"

அவனும் சிரித்தான். அன்று போனது அவன் வம்சப் பெயர்.

மகளைக் கூட்டிக்கொண்டு நியூயார்க் போன மனைவி திரும்பவில்லை. கூட ஆடியவர்களில் பாதிப் பேர் விமானம் ஏறினார்கள், மீதிப் பேர் கல்லறைக்குப் போனார்கள். வெட்ட முடி இல்லாத நாளிலும் அவன் என் சலூனுக்கு வந்து உட்கார்ந்திருப்பான். "என்னய்யா ரெகலாவ், சவரமும் இனாமா?" என்பேன். அப்படிக் கேலி செய்யக்கூட அவனுக்கு வேறு ஆள் கிடையாது. பாவமாகத்தான் இருக்கும்.

போன மாதம் முகமெல்லாம் பல்லாக வந்தான்.

"ஸ்டேடியம் சுவத்துல பரிசு வாங்கினவங்க பேரையெல்லாம் எழுதுறாங்களாம்ப்பா. எங்கப்பா வம்சப் பேரோட என் பேரும் இருக்கும். அப்புறம் எவன் என்னை இனாம்னு சொல்றான், பாத்துடலாம்."

எழுதிய அன்று, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து என்னையும் இழுத்துக்கொண்டு போனான். சுவரில் ஈரம் காயாத நீல எழுத்தில் இருந்தது: நெரேயோ ரெகலாதோ.

அப்படி ஒரு வம்சப் பெயர் உண்மையிலேயே எங்கள் நாட்டில் உண்டு. பேசும்போது நாங்கள்தான் பாதி எழுத்தை விழுங்கி அதை ரெகலாவ் என்கிறவர்கள். பக்கத்து ஊர் பெயிண்டர் ரெகலாவ் என்று காதில் கேட்டு, விழுங்கிய எழுத்தை மரியாதையாகத் திருப்பிச் சேர்த்திருக்கிறான்.

"தம்பி, இது என் பேரு இல்ல. கிண்டலுக்கு வச்சது."

"கடையில, பஸ் ஸ்டாண்டுல, எங்க கேட்டாலும் இதத்தானே சொன்னாங்க பெரியவரே?"

நெரேயோ என் பக்கம் திரும்பினான். "நீ சொல்லுப்பா இவன்கிட்ட. என் வம்சப் பேரு என்ன?"

வாயைத் திறந்தேன். நெரேயோ என்பதற்கு மேல் எனக்கும் தெரியவில்லை. எத்தனை வருடமாக அந்தத் தாடையில் சோப்பு போடுகிறேன்! வெட்கத்தில் காது சுட்டது.

சுவரிடம் சொல்வதுபோல் அவனே சொன்னான்.

"செவெரினோ. நெரேயோ செவெரினோ."

பெயிண்டர் ஏணியில் நின்றபடி என்னைப் பார்த்தான்.

"செவெரினோவா? அது யாருண்ணே?"