ஹார்ட் டிஸ்க்கில் இருந்த லோரி

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. ஷா ஆலமில் ஆபீஸ் வேலை. அங்கேயும் நாற்காலி என்னை அதிகம் பார்த்ததில்லை. "கால்ல சக்கரம் கட்டிக்கிட்டுப் பொறந்தவ" என்பாள் அம்மா. அப்படிப்பட்டவளிடம்தான் ஹார்ட் டிஸ்க் மாற்றும் வேலை வந்து சேர்ந்தது. அதில் முக்கால்வாசி சும்மா காத்திருப்பதுதான்.

டிஸ்க், டிவியில் மாட்டி விளையாடும் என் கேம் பெட்டியினுடையது. என்னுடையது என்பது பேருக்குத்தான். சர்க்கரை வியாதியில் அப்பாவின் வலது காலை எடுத்த பிறகு பெட்டி அவருடையதாகிவிட்டது. கிள்ளான் துறைமுகத்தில் கன்டெய்னர் லோரி ஓட்டியவர். ஆயுள் முழுக்க முதலாளிமார்களின் லோரி. பொழுது போகட்டுமே என்று லோரி ஓட்டும் கேம் ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். பிரேக் பிடிக்க விரல் போதும் என்று தெரிந்த அன்றே அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அதிலும் முதலில் கூலிக்குத்தான் ஓட்ட வேண்டும். ஓட்டி ஓட்டி, சொந்தமாக ஒரு சிவப்பு லோரி வாங்கினார். பிறகு அதை நிறுத்த ஒரு ஷெட். பக்கத்து வீட்டு அங்கிள் வந்தால் டிவியைக் காட்டி, "நம்ம வண்டி" என்பார்.

கொஞ்ச நாளாகப் பெட்டிக்குள்ளே டொக் டொக் என்று சத்தம். லோரி நடு ரோட்டில் அப்படியே நின்றுவிடும். "என்னான்னு பாரும்மா, எஞ்சின் கோளாறு" என்றார் அப்பா.

கடைத்தெரு கம்ப்யூட்டர் கடைக்காரர் சத்தத்தைக் கேட்டதுமே சொல்லிவிட்டார். "டிஸ்க் போகப் போவுது அக்கா. எஸ்எஸ்டின்னு புது மாதிரி டிஸ்க் இருக்கு, அதப் போட்டுருங்க, பறக்கும். ஆனா புதுசுல ஒண்ணுமே இருக்காது லா. உங்கப்பா வெளையாடி வெச்ச சேவ் எல்லாத்தையும் மொதல்ல பென்டிரைவ்ல காப்பி எடுத்துருங்க. அப்புறமா கழட்டுங்க."

சனிக்கிழமை மத்தியானம், அப்பா சாப்பிட்டுத் தூங்கும் நேரமாகப் பார்த்துக் காப்பி போட்டேன். திரையில் ஒரு நீலக் கோடு. அது நகருவதாகவே தெரியவில்லை. துணியை மடித்தேன். மடித்ததைக் கலைத்து மறுபடி மடித்தேன். வாசலுக்குப் போய் வந்தேன். கோடு பாதியைத் தொட்டபோது சுபாங் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கோட்டைப் போய்ப் பார்க்கிற அவசரத்தில் வானத்தைப் பார்த்தும் பார்க்காமல் இருந்தேன்.

எங்கள் வீட்டில் இடி என்றால் எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட வேண்டும். எங்கள் வரிசையில் மோடமோ டிவியோ மின்னலுக்குப் பலி கொடுக்காத வீடு கிடையாது. நான் நடக்கப் பழகியபோதே பழக்கிய வேலை அது. முதல் இடி விழுந்ததும் அம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள்: "பிடுங்கு, பிடுங்கு." டிவி, மோடம், அடுத்தது. மூன்றாவது பிளக் கையோடு வந்த பிறகுதான் எதைப் பிடுங்கினேன் என்று எனக்கு உறைத்தது. மூளைக்கு முன்னால் கை ஓடிவிட்டது.

மழை விடும்வரை மறுபடி சொருகவும் தைரியமில்லை. கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தேன். "இப்ப என்ன, வீடு எரிஞ்சா பரவாயில்லையா?" என்றாள் அம்மா. ஆனால் அவளும் அப்பாவின் அறைக் கதவை ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள்.

மழை விட்டபின் பெட்டியைப் போட்டால் டொக் டொக் மட்டும்தான், படம் இல்லை. டிஸ்க்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். கடைக்காரர் பழைய டிஸ்க்கைத் தன் மிஷினில் மாட்டிப் பார்த்தார், பென்டிரைவையும் பார்த்தார். "சாரி அக்கா, ரெண்டுலயும் இல்ல" என்றார்.

வீட்டுக்கு வந்து, கடையில் வாங்கிய புது டிஸ்க்கைத் தள்ளித் திருகாணியை முடுக்கி, எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றினேன். சத்தமே இல்லை. படம் கண் மூடித் திறப்பதற்குள் வந்தது. எனக்கு அழுகையாக வந்தது.

அப்பா சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் கன்ட்ரோலரை எடுத்து அழுத்தினார். எந்தக் கம்பெனிக்கு ஓட்டுகிறீர்கள் என்று திரை கேட்டது.

"மறுபடியும் அடுத்தவன் லோரியா?" என்றார். கன்ட்ரோலரை மேசையில் வைத்துவிட்டு அறைக்குத் திரும்பிப் போனார். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

மறுநாள் அவர் டிவி பக்கமே வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. வேலை விட்டு வந்ததும் நானே உட்கார்ந்தேன். கூலிக்கு ஓட்டினேன். பள்ளத்தில் விழுந்தேன், சிக்னலைத் தாண்டி அபராதம் கட்டினேன். எஞ்சின் சத்தத்தை வைத்தே அறைக்குள்ளிருந்து அப்பாவின் குரல் வந்தது: "கியரைக் கொறை. இதென்ன, மாட்டு வண்டியா?" இரண்டு வாரம் கழித்து அப்பாவின் சக்கர நாற்காலி என் பக்கத்தில் வந்து நின்றது. அப்போதும் அவர் கன்ட்ரோலரைத் தொடவில்லை. ராத்திரி சோறு ஆறிப்போகும்வரை ஓட்டினேன். என் கால்கள் மேசைக்கடியில் ஆடிக்கொண்டே இருந்தன, ஆனாலும் எழுந்திருக்கவில்லை. அவர் அப்படி லோரி ஓட்டிச் சம்பாதித்ததில் படித்தவள்தானே நான்.

சொந்த லோரி வாங்கும் அளவுக்குச் சேர்ந்த அன்று அவரைக் கேட்காமலே வாங்கிவிட்டேன். பச்சை நிறம். சிவப்பை வாங்க மனசு வரவில்லை. அப்பா திரையை வெகுநேரம் பார்த்தார்.

"யார் பேருல வாங்குன?"

"உங்க பேருலதான்பா."

கையைக் கைலியில் துடைத்துவிட்டு, கன்ட்ரோலரைக் கொடு என்று கையை நீட்டினார்.