ரத்னாபாயின் இடது கை

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ரத்னாபாய் சந்தனக் கிண்ணத்தோடு வாசலுக்கு வந்துவிடுவாள். முதலில் புல்லட்டின் ஹெட்லைட்டுக்கு ஒரு பொட்டு. அடுத்தது டேங்குக்கு. பிறகு பிரேக் லீவரும் கிளட்ச் லீவரும் ஹேண்டில்பாரில் சேரும் மூட்டுகளில் விரல் நிறைய அள்ளி அப்பி, விளக்கில் மிஞ்சிய எண்ணெயையும் ஒரு சொட்டு விடுவாள். "இது ரெண்டும்லா என்னைய வீட்டுக்குத் திருப்பிக் கொண்டாருகது" என்பாள்.

தோவாளையிலிருந்து திருவனந்தபுரத்துச் சாலை பஜாரில் வந்து இறங்கும் பூவை நகரத்துக் கல்யாண மண்டபங்களுக்குக் கொண்டு சேர்ப்பது அவள் தொழில். கணவர் திரவியம் இருந்தபோது இருவரும் மாறி மாறி ஓட்டிய பழைய வண்டி. இப்போது அவள் மட்டும். இருபுறமும் பூக்கூடை தொங்க, சேலையை வரிந்து செருகிக்கொண்டு போவாள். பின்னால் ஹாரன் அடிப்பவனிடம், "பறந்து போயேன்லே, நானா பிடிச்சு வச்சிருக்கேன்" என்பாள்.

இந்த மழைக்காலத்தில் கிளட்ச் இறுகத் தொடங்கியது. ஒருநாள் கிள்ளிப்பாலம் சிக்னலில் இறுகிய லீவர் இடது கை விரல்களிலிருந்து நழுவ, வண்டி துள்ளி முன்னால் நின்ற ஆட்டோவை முட்டியது. தாமரை மொட்டெல்லாம் ரோட்டில். அன்று மாலையே மகன் ஜெயகுமார் வண்டியை விற்க ஆள் பிடித்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துப் போவார்களாம்.

"அம்மைக்கு வயசாச்சு. கை போச்சு. அதைச் சம்மதிக்கணும், அல்லே?"

"எனக்க கை போச்சுன்னு நீ எப்படிலே கண்டே? சோறு வடிக்கும்போ போவல்ல, ஒனக்க பிள்ளையத் தூக்கும்போ போவல்ல. கிளட்சு பிடிக்கும்போ மட்டும் போயிருமோ?"

நியாயமான கேள்வி. எந்த மெக்கானிக்குக்காவது அது உறைத்ததா? அவள் ஏறி இறங்கிய பட்டறைகளில் எல்லாம் அவள் வளையலைப் பார்த்தார்கள், நரையைப் பார்த்தார்கள். வண்டியை ஒருவரும் பார்க்கவில்லை. "புல்லட்டுன்னா அப்படித்தான் சேச்சி. ஒரு ஸ்கூட்டர் வாங்கிக்கோங்க." ஒரு பெண்ணின் கையைக் குற்றவாளியாக்க அவர்களுக்கு ஸ்பானர்கூடத் தேவைப்படவில்லை.

சனிக்கிழமை, கரமனையில் சுனிலின் பட்டறை. அவனும் அதே பாட்டைத்தான் தொடங்கினான்.

"சேச்சி, இந்த வயசில..."

"கையைப் பாக்காண்டாம். வண்டியப் பாரு." ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சுனில் முணுமுணுத்துக்கொண்டே கிளட்ச் கேபிளின் மேல்முனையைக் கழற்றினான். கேபிளைக் கழற்றியபின் லீவர் தொளதொளவென்று ஆட வேண்டும். ஆடவில்லை. போல்ட்டைத் தட்டி எடுத்தான். மூட்டுக்குள் எண்ணெயில் ஊறிக் கல்லாய் இறுகிய மஞ்சள் பத்தை. கேபிளுக்குள்ளும் ஈரம் இறங்கிக் கம்பி துருப்பிடித்திருந்தது. அவன் விரலை மோந்து பார்த்தான்.

"சேச்சி, இது சந்தனமாக்கும்."

பட்டறையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ரத்னாபாய் சிரிக்கவில்லை.

"சிரியுங்க. பூசினது நான்தான். வாரா வாரம் பூசினது உங்களுக்கெல்லாம் கண்ணுக்கு முன்னால மஞ்சளாத்தானே இருந்துது? எனக்க நரை மட்டும் எப்படிலே தெரிஞ்சுது?"

சுனில் தலையைக் குனிந்துகொண்டு மண்ணெண்ணெயில் லீவரைக் கழுவி, கிரீஸ் தடவி, புதுக் கேபிள் மாட்டினான். இரண்டு விரலுக்குக் கிளட்ச் அடங்கி வந்தது.

ஞாயிறன்று வண்டி வாங்க வந்தவர்கள் வாசலில் நின்றார்கள். ஜெயகுமார் வீடு முழுக்கச் சாவியைத் தேடினான். சாவி அவன் அம்மாவோடு, மல்லிகைக் கூடைகளோடு, வழுதக்காட்டில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போயிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை. ஹெட்லைட்டுக்கு ஒரு பொட்டு. டேங்குக்கு ஒரு பொட்டு. விரல் நிறையச் சந்தனத்தோடு கிளட்சை நோக்கிப் போன வலது கை பாதியில் நின்றது. ரத்னாபாய் அந்தச் சந்தனத்தைத் தன் இடது மணிக்கட்டில் அழுத்திப் பூசிக்கொண்டாள்.