லியோனின் ரத்தமும் பிச்சையம்மாள் வீட்டு டீயும்

பெரிய மனிதர்களின் வரலாற்றை அவர்கள் பிறந்த நாளிலிருந்து தொடங்குவது வழக்கம். மோட்டார் மெக்கானிக் லியோனின் வரலாற்றை அப்படித் தொடங்க முடியாது. பிறந்த பிறகு நாற்பத்தைந்து வருடங்களுக்கு மேல் அவர் வரலாறு எதையும் உண்டாக்கவில்லை. ஆவூரைச் சுற்றியுள்ள கிணறுகளில் பழுதான மோட்டார்களை வெளியே எடுத்தார், சரிசெய்து உள்ளே விட்டார், மறுபடி பழுதாகும்வரை காத்திருந்தார். ஊர்க் கல்யாண போட்டோக்கள் எல்லாவற்றிலும் அவர் உண்டு. பாதிக் காதாகவோ ஒரு முழங்கையாகவோ உண்டு. யாராவது முன்னால் வந்து நிற்கச் சொன்னால், "நமக்கெதுக்குங்க" என்று இன்னும் கொஞ்சம் பின்னால் போய்விடுவார்.

அப்பேர்ப்பட்ட மனிதரை வரலாற்றுக்குள் இழுத்துவிட்டது ஒரு மைக்.

போன வருஷம் பள்ளிக்கூட மைதானத்தில் ரத்ததான முகாம் நடந்தது. லியோன் தானம் கொடுக்கப் போகவில்லை. பள்ளிக்கூடத்துத் தண்ணீர் மோட்டாரைப் பார்க்கப் போனார். வந்தவரை உட்காரவைத்து விரலில் குத்தி, கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் கொடுத்துவிட்டார்கள். சற்று நேரத்தில் மைக் முழங்கியது: "ஓ நெகட்டிவ் லியோன் அவர்கள் எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும். இது மிகமிக அரிய வகை ரத்தம்." அந்த நேரத்தில் அரிய வகை ரத்தம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது. விரலில் குத்திய ஊசியே அவருக்கு ஒரு வருஷத்துக்குப் போதும். முகாம் முடிந்து வண்டி கிளம்பிய பிறகுதான் வெளியே வந்தார்.

அவர் ஒரு சொட்டு ரத்தம்கூடக் கொடுக்கவில்லை என்பது ஊரில் யாருக்கும் உறைக்கவில்லை. மைக்கில் சொன்னார்கள், அது போதும். மறுநாளிலிருந்து லியோன் ஊர்ச் சொத்து. படிக்கட்டில் நின்றவரை மினி பஸ் கண்டக்டர் உள்ளே இழுத்து, "ஏறி உக்காருங்கண்ணே, நீங்க விழுந்தா நாங்க யாருக்குப் பதில் சொல்றது" என்றார். கிணற்றில் இறங்கும்போது இடுப்பில் ஒரு கயிறு கட்டியவர்கள் இரண்டு கட்டினார்கள். லியோனும் மெல்ல மெல்ல ஊர் சொல்வதை நம்பத் தொடங்கினார். தலைக்கு எண்ணெய் வைத்து வகிடெடுத்தார். அடுத்து வந்த கல்யாணத்தில், மாப்பிள்ளைக்கும் மாப்பிள்ளையின் மாமாவுக்கும் நடுவில் முழு முகமாக நின்றார்.

"என்னமோ ரத்தத்தை நீங்களே காய்ச்சி வடிச்ச மாதிரில்ல நிக்கிறீங்க" என்றார் மனைவி மெர்லின், போட்டோவைப் பார்த்துவிட்டு.

இந்த நம்பிக்கைக்குச் சோதனை சுடர்விழி உருவத்தில் வந்தது. சுடர்விழி, எதிர்த்தெரு பிச்சையம்மாளின் மருமகள். அறந்தாங்கியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். புருஷன் நிலவழகன் கத்தாரில். அவள் முழுகாமல் இருந்தபோது சோதித்ததில் அவளுக்கும் ஓ நெகட்டிவ். குழந்தை வேறு தலைகீழாகத் திரும்ப மறுத்து உட்கார்ந்திருந்தது. ஆபரேஷன் செய்துதான் எடுக்க வேண்டும், அந்த வகை ரத்தம் கொடுக்க ஒரு ஆளை இப்போதே தயாராக வைத்துக்கொள்ளுங்கள், ரத்தம் கையில் இல்லாமல் தொடமாட்டோம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தேதி, ஈஸ்டருக்கு முந்தின வியாழக்கிழமை.

பிச்சையம்மாள் அசரவில்லை. "எங்க லியோனு இருக்கான்ல" என்று டாக்டரிடமே சொல்லிவிட்டு வந்தார்.

ஊர் நர்ஸ் பிரகதாம்பாள் எதையும் ஒருமுறை சோதித்துப் பார்க்கிற பெண். லியோனை சுகாதார நிலையத்துக்கு வரவழைத்து ரத்தம் பார்த்தார். பார்த்துவிட்டு இன்னொரு முறை பார்த்தார்.

"அண்ணே, ஹீமோகுளோபின் பன்னெண்டரை இருந்தாத்தான் ரத்தம் எடுப்பாங்க. ஒங்களுக்குப் பதினொண்ணுதான் இருக்கு."

"ஓ நெகட்டிவ்ல அப்படித்தான் இருக்குமோ?"

"எந்த நெகட்டிவா இருந்தாலும் பன்னெண்டரை வேணும்ணே. மொதல்ல ஒங்களுக்கே ரத்தம் பத்தல."

ஊரின் ரத்த வங்கி காலி என்ற செய்தி சாயங்காலத்துக்குள் பரவியது. யாரும் அழவில்லை. எல்லோரும் அடுப்பைப் பற்றவைத்தார்கள். அன்றிலிருந்து லியோன் மோட்டார் பார்க்கப் போன வீடெல்லாம் முருங்கைக்கீரை; பார்க்காத வீடுகளிலிருந்து கேழ்வரகு அடை; பள்ளிவாசல் பக்கத்திலிருந்து பேரீச்சம்பழம். நர்ஸ் கொடுத்த சத்து மாத்திரை தனி. ஈரலும் வந்தது, ஆனால் அதை லியோன் திருப்பி அனுப்பினார். விபூதிப் புதன் முடிந்து தவக்காலம் தொடங்கியிருந்தது. நாற்பது நாள் கவுச்சி தொடாத பரம்பரை அவருடையது. ரகுநாத் டீக்கடையில், "லியோன் எவ்வளவு?" என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரிக் கேட்டுக்கொண்டார்கள்.

சில வாரம் கழித்து மறுபடி சோதித்தார்கள். பதினொன்று. அசையவில்லை.

முதல் சந்தேகம் மெர்லின்மேல் விழுந்தது, வருகிற கீரையை அவர் தின்றுவிடுகிறார் என்று. மெர்லின் நர்ஸைக் கையோடு வீட்டுக்குக் கூட்டிவந்து, "நீங்களே உக்காந்து பாருங்கம்மா, இந்த மனுசன் திங்கிற கீரைக்கு ஆடாயிருந்தா இந்நேரம் குட்டி போட்டிருக்கும்" என்றார்.

பிரகதாம்பாள் உட்கார்ந்து பார்த்தார். பிச்சையம்மாள் கீரை அடையோடு வந்தார். லியோன் தின்று முடித்து, சத்து மாத்திரையை வாயில் போட்டார். பிச்சையம்மாள் இடுப்பில் இடுக்கியிருந்த பிளாஸ்க்கைத் திறந்து, ஏலக்காய் தட்டிப்போட்ட டீயை ஊற்றி நீட்டினார். மாத்திரை டீயோடு உள்ளே போனது.

"தினமும் இப்படித்தானா?"

"எல்லா வீட்லயும் குடுக்குறாங்க" என்றார் லியோன், கொஞ்சம் பெருமையாக.

நர்ஸ் நெற்றியில் கையை வைத்தார். "சாப்பிட்ட ஒடனே டீ குடிச்சா கீரையில இருக்கிற இரும்பும் ஒட்டாது, மாத்திரையில இருக்கிற இரும்பும் ஒட்டாது. ஊரே சேந்து ஒரு கையால போட்டு மறு கையால தொடச்சு எடுத்துட்டிருக்கீங்க."

பிச்சையம்மாள் பிளாஸ்க்கை மூடினார். "அப்ப வீட்டுக்கு வந்த மனுசனுக்கு என்னத்தத்தான் குடுக்குறது?"

"தண்ணி குடுங்க பெரியம்மா."

"தண்ணி குடுத்து அனுப்ப அவன் என்ன கடன் கேட்டா வந்தான்? எம் மருமக உசுரக் காப்பாத்த வாரவனுக்கு ஒரு டீ இல்லேன்னு எந்த வாயால சொல்லுவேன்?"

"அந்த வாயாலதான் சொல்லணும்."

லியோனின் நிலைமை அதைவிட மோசம். டீ இல்லாமல் அவர் மோட்டார் மூடியைக்கூடத் திறந்ததில்லை. நேரே பங்குச் சாமியார் ஜோசப்பிடம் போனார். தவக்காலத்தில் சாமியார்களுக்கு எல்லோர் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றியும் கவலைப்பட வேண்டியிருக்கிறது.

"சாமி, டீய விடச் சொல்றாங்க. ஈரலத் திங்கச் சொல்றாங்க. நான் கவுச்சி விட்டிருக்கேன்."

"கவுச்சி விட்டது ஒனக்குக் கஷ்டமா இருக்கா?"

"இல்ல சாமி. சின்னதிலேருந்து பழக்கம்."

"டீய விட்டா?"

லியோனின் முகமே பதில் சொன்னது.

"அப்ப அதுதான் ஒறுத்தல், அதுதான் தவம். ஈரலத் தின்னு, டீய விடு. ஈஸ்டர் வரைக்கும்."

"காலையில மட்டும் ஒண்ணே ஒண்ணு, சாமி?"

"சிலுவையைப் பாதி வழி வரைக்கும் தூக்குறேன்னு சொல்ற மாதிரி இருக்கு. போ."

இப்படியாக, கத்தோலிக்கர் ஒருவர் தவக்கால வெள்ளிக்கிழமையில் பட்டப்பகலில் ஈரல் தின்பதையும், டீ கிளாஸைக் கண்டால் சிலுவை போட்டுக்கொள்வதையும் எங்கள் ஊர் கண்டது. ரகுநாத், வியாபாரத்தையும் பாராமல், லியோன் வந்தால் பாய்லரிலிருந்து டீ வாசம் அடிக்காத பக்கம் பெஞ்சை மாற்றிப் போட்டார். தலைவலியில் லியோன் ஒயர்களை மாற்றிக் கொடுத்து, ஒரு தோட்டத்து மோட்டார் எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. தோட்டக்காரர் கோபப்படவில்லை. "பரவால்லண்ணே, ரத்தம் ஊறட்டும்" என்று விட்டுவிட்டார். பிச்சையம்மாள் மட்டும், டீ கொடுக்க முடியாத வெட்கத்தில், லியோன் வருகிற நேரம் பார்த்து வீட்டைப் பூட்டிக்கொண்டு கொல்லைப் பக்கம் போய் நின்றார்.

சுடர்விழி வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஒருநாள் வந்தாள். கெஞ்சவில்லை. "அண்ணே, ஒங்களுக்கு முடியலேன்னா இப்பவே சொல்லிருங்க. திருச்சிப் பக்கம் எங்கயாச்சும் ஆள் தேடணும். மொகத்துக்காக முடியும்னு சொல்லிறாதீங்க."

"முடியும்மா" என்றார் லியோன். முகத்துக்காகத்தான் சொன்னார்.

மறுநாளே பைக்கை எடுத்துக்கொண்டு, தன்னை யாருக்கும் தெரியாத ஒரு நெடுஞ்சாலை டீக்கடையைத் தேடிப் போனார். வழியில் தெரிந்தவர் யாரும் இல்லை என்று இரண்டு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

டீ வந்தது. நுரை தளும்பியது. கடைக்காரர் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிடிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் லியோனுக்குப் பிடிக்கவில்லை. இவ்வளவு பெரிய ஆள் வந்து உட்கார்ந்திருக்க, யாரும் டீயைப் பிடுங்கவில்லையே?

"அண்ணே, என்னைத் தெரியுதா?"

"இல்லீங்களே."

"நான்தான் ஓ நெகட்டிவ் லியோன்."

"அப்படிங்களா. சீனி போதுமா?"

லியோனுக்கு மனசு ஆறவில்லை. கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே ஆதியோடந்தமாக விளக்கினார். சுடர்விழி யார், குழந்தை எப்படி உட்கார்ந்திருக்கிறது, டாக்டர் என்ன சொன்னார், டீ இரும்பை எப்படி ஒட்டவிடாமல் செய்கிறது, தான் ஒருவர் தவறினால் என்ன ஆகும் என்று எல்லாவற்றையும் சொன்னார். நர்ஸ்கூட அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டார். லாரி டிரைவர்கள் வடையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்கள்.

கடைக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நியாயமான ஒரு கேள்வி கேட்டார். "அப்ப எதுக்குங்க டீ சொன்னீங்க?"

லியோன் கிளாஸைப் பார்த்தார். தான் சொன்னதை அங்கே இருந்த எல்லோரையும் விட அவரே அதிகம் நம்பிவிட்டார். கிளாஸைப் பெஞ்சில் வைத்தார், காசைக் கொடுத்தார், வண்டியை எடுத்தார். ஊர் பார்க்காத இடத்தில் லியோன் செய்த முதல் பெரிய காரியம் அதுதான். அதற்கு மைக் எதுவும் இல்லை.

ஆபரேஷனுக்கு முந்தின நாள், புனித வாரத்துப் புதன்கிழமை. மாவட்டத்துப் பெரிய ஆஸ்பத்திரி ரத்த வங்கியில் லியோனின் விரலில் குத்தினார்கள். பக்கத்தில் மெர்லின், பிரகதாம்பாள், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாத பிச்சையம்மாள். பன்னிரண்டே முக்கால்.

"கால் கூடவே இருக்கு" என்றார் லியோன், பரீட்சையில் முதலாவது வந்தவர் மாதிரி. அப்புறம்தான் ஊசியைப் பார்த்தார். ஜன்னல் பக்கம் ஒருமுறை பார்த்தார். அங்கே ஒளிந்துகொள்ளத் தண்ணீர்த் தொட்டி எதுவும் இல்லை. கண்ணை இறுக மூடி, "அருள் நிறைந்த மரியே" என்று உரக்கத் தொடங்கினார். பாதியில் மறந்துபோய் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். பை நிறைந்தது.

ஊழியர் பெண் பிஸ்கட்டும், ஆவி பறக்கும் டீயும் கொண்டுவந்து நீட்டினாள். எல்லோரும் கிளாஸையே பார்த்தார்கள். ரத்தம் கொடுத்தாயிற்று, நர்ஸ் தடுக்கப்போவதில்லை. ஆனால் ஈஸ்டருக்கு இன்னும் நாள் இருந்தது.

லியோன் டீயை வாங்கி, ஒருமுறை ஆழமாக மோந்து பார்த்துவிட்டு, பிச்சையம்மாளிடம் கொடுத்தார்.

"எனக்கெதுக்குடா?"

"என்னப் பாக்க வந்த மனுசிக்கு எதையாச்சும் குடுக்கணும்ல பெரியம்மா. தண்ணியவா குடுத்து அனுப்புறது?"

பிச்சையம்மாள் அவரைத் திட்டிக்கொண்டே குடித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டது சூட்டினால் என்று சொன்னார்.

வியாழக்கிழமை, ரத்தப் பை பக்கத்தில் தயாராக இருக்க, ஆபரேஷன் நடந்தது. பெண் குழந்தை. தாய் சேய் நலம். ரத்தம் தேவைப்படவே இல்லை.

லியோனுக்கு இது முதலில் மரியாதைக் குறைவாகப் பட்டது. "அப்ப எம் பை எங்க?" என்று பிரகதாம்பாளைக் குடைந்தார்.

"வேற ஒருத்தருக்கு ஏத்திட்டாங்கண்ணே. அவசரமாம். பொழச்சுட்டாங்களாம்."

"யாருக்கு?"

"அதெல்லாம் சொல்லமாட்டாங்க."

"ஆம்பளையா பொம்பளையான்னாச்சும்?"

"அதும் சொல்லமாட்டாங்க."

அன்றிலிருந்து லியோனின் வாழ்க்கை சிக்கலாகிவிட்டது. முன்பெல்லாம் சண்டை போடத் தகுந்தவர்கள் என்று மாவட்டத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். இப்போது யாரைத் திட்ட வாயெடுத்தாலும், ஒருவேளை இவரோ என்று வாயை மூடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. போன வாரம் புதுக்கோட்டையிலிருந்து வருகிற பஸ்ஸில், முன்பின் தெரியாத ஒரு ஆள் அவர் தோளில் சாய்ந்து, வாய் ஒழுகத் தூங்கிவிட்டார். லியோன் இறங்க வேண்டிய இடம் வந்தது, போனது. இரண்டு ஸ்டாப் தள்ளி இறங்கி, வேகாத வெயிலில் நடந்து வீட்டுக்கு வந்தார்.

"எழுப்பிவிட்டு எறங்கத் தெரியாதா ஒங்களுக்கு?" என்றார் மெர்லின்.

"நல்லாத் தூங்கிக்கிட்டிருந்தாரு. யாரு கண்டா, நம்ம ஆளா இருந்தா?"

மெர்லின் அவருடைய சட்டைத் தோளில் இருந்த ஈரத்தைப் பார்த்தார். உள்ளே போய் டீக்குத் தண்ணீர் வைத்தார்.