டயர் தட்டிப் பார்த்தவர்

என் வீட்டுக்காரர் முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதுகளின் தொடக்கத்தில் அவருக்கு மறதி வந்தது. லாரியை விற்ற பிறகும் விடிந்ததும் லோடு ஏற்றப் புறப்பட்டுவிடுவார். ரத்தக்கொதிப்பு உண்டா, தலையில் எப்போதாவது அடிபட்டதா என்று சேலத்து டாக்டர் கேட்டார். இரண்டும் உண்டு என்றேன். "இதைக் குணமாக்க மருந்து இல்லீங்கம்மா" என்று சொல்லி, இரவுக்கு மட்டும் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அவர் வீட்டோடு கிடக்கட்டுமென்று நான் பகலிலும் ஒன்று கொடுத்தேன். தள்ளாடினார், இரண்டு முறை விழுந்தார். ஆனாலும் போவதை நிறுத்தவில்லை.

ஒருநாள் காலை நான் தேடிப் போனபோது, சங்ககிரியில் லாரிகள் நிற்குமிடத்தில், யாருடைய லாரியிலோ ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

"எறங்குங்க, மானம் போகுது!" என்று கத்தினேன். ஸ்டியரிங்கை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அந்த லாரியின் டிரைவர் என்னைக் கையமர்த்திவிட்டு, "ஏனுங்கண்ணா, டயரத் தட்டிப் பாத்துட்டீங்களா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லீங்க தம்பி" என்று இவர் உடனே இறங்கிவிட்டார். டிரைவர் கொடுத்த இரும்புக் கம்பியால் ஒவ்வொரு டயராகத் தட்டி, சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு, "பின்னால உள்பக்கம் காத்து கம்மி" என்றார். டிரைவர் தானும் குனிந்து தட்டிப் பார்த்தார். உண்மைதான்.

அன்றே பகல் மாத்திரையை நிறுத்தினேன். தினமும் டயர் தட்ட நானே அவரை அங்கே அழைத்துப் போனேன். அதன்பிறகு அவர் விழவில்லை.

கடைசி வருஷம் என்னையே மறந்துவிட்டார். தட்டி முடித்ததும், "ஓனரம்மா, வண்டி ரெடிங்க" என்பார்.

"சரிங்க, ஊட்டுக்குப் போலாம்" என்பேன். மறுபேச்சில்லாமல் என்னோடு வருவார்.