பாக்கெட்டுக்குள் போன மோர்மிளகாய்

துபாயில் வேலை பார்க்கும் என் கணவர் ஒவ்வொரு முறையும் நான் போட்ட மோர்மிளகாயைப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொண்டுபோவார். அவர் அறையில் இருப்பவர்கள் இரண்டே வாரத்தில் காலி செய்துவிடுவார்களாம். இதையே தொழிலாகச் செய்தால் என்ன என்று தோன்றியது. திருவாரூர் அச்சகத்தில், பளபளவென்று பெயர் போட்ட கவர் அடித்து, பாக்கெட்டை ஒட்டி, எங்கள் கீழ்வேளூர் கடைகளில் வைத்தேன்.

ஒன்றுகூட நகரவில்லை. உப்பு கூடிவிட்டதா, தயிர் புளித்துவிட்டதா என்று நானே வறுத்து வறுத்துத் தின்று பார்த்தேன். அதே ருசிதான். எங்கே பிசகு என்று புரியவில்லை.

ஒருநாள் எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்கா வந்தார். அவர் மகன் மறுநாள் மஸ்கட் கிளம்புகிறான். "மல்லிகா, மோர்மிளகாய் இருந்தா குடும்மா."

பாக்கெட்டை நீட்டினேன். திருப்பிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "கடைச் சரக்கு அங்கேயே கிடைக்குதாம். நீ வீட்ல போட்டதைக் குடு."

"அக்கா, இதுவும் நான் போட்டதுதாங்க!"

"அப்புறம் எதுக்கு இந்தக் கவரு?"

அவர் கண்ணெதிரிலேயே கவரைக் கிழித்துப் பழைய பாட்டிலில் கொட்டினேன். முகம் மலர்ந்து, காசு கொடுத்து வாங்கிப் போனார்.

இன்றும் பாட்டிலில்தான் விற்கிறேன், நன்றாகவே போகிறது. இப்போது வடாம் போடலாமென்று யோசனை. இந்த முறை அச்சகத்துக்குப் போகவில்லை. வெளிநாட்டுக்குப் பெட்டி கட்டுகிற வீடுகளுக்குப் போய், "எதுல போட்டுக் குடுத்தா எடுத்துட்டுப் போவீங்க?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.