தொண்டைக்கு ஏறிய வெள்ளி

இடது கை விரல்களுக்கு நடுவில் ஒரு வெள்ளிக் குழல் இருந்தது. சுண்டுவிரல் நீளம், மூன்றாம் பிறைபோல் வளைவு. அதன் முதுகில், வளைவு இறங்கத் தொடங்கும் இடத்தில், துவரம்பருப்பு அகலத்துக்கு ஒரு துளை. வலது கை எலிவால் அரத்தைப் பிடித்திருந்தது. அரம் மூன்று இழுப்பு போகும், நிற்கும். பெருவிரல் நகம் விளிம்பைச் சுற்றி வரும். மறுபடி மூன்று இழுப்பு. விளிம்பு கத்திபோல் கூரானதும் கை அரத்தைக் கீழே வைத்தது. குழலின் முன்வாய் உதட்டுக்குப் போனது. ஊதியதும் துளை வழியாகக் காற்று மூக்கின்மேல் பட்டது. சத்தமில்லை.

அந்தக் கைகள் சுருளிவேல் ஆசாரியுடையவை. போடிநாயக்கனூர் கடைத்தெருவுக்குப் பின்சந்தில் அவருடைய பட்டறை. பதினான்கு வயதில் தகப்பனாரின் ஊதுகுழலை வாயில் வைத்தவர். கொலுசும் தண்டையும் அரைஞாணும் செய்தே நாற்பத்தெட்டு வயதாகியிருந்தது. தொண்டைக் குழல் செய்ய வந்தது தற்செயல். ராசிங்காபுரத்து விவசாயி ஒருவருக்குக் கழுத்தில் ஓட்டை போட்டு மதுரையில் வைத்துவிட்ட குழலின் தகடு கழன்றுவிட்டது. மதுரைக்குப் பஸ் ஏறப் பயந்த அந்த மனிதர், சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு நேரே ஆசாரியிடம் வந்தார். ஆசாரி பற்று வைத்து ஒட்டிக் கொடுத்தார். மறுமாதம் மதுரையில் டாக்டர் ராஜாராம் அந்தப் பற்றைத் தேடினார்; கண்ணாடி வைத்துப் பார்த்தும் எது ஒட்டு என்று தெரியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே போடிக்கு வந்துவிட்டார். அது எழுபத்தொன்பதாம் வருஷம்.

டாக்டர் அப்போது ஓர் ஆராய்ச்சியில் இருந்தார். கம்பெனிக் குழல்கள் எல்லாம் ஒரே வளைவு, மனிதக் கழுத்துகள் அப்படி இல்லை. குழலின் முனை மூச்சுக்குழாயின் பின்சுவரில் உரசும். உரசிய இடத்தில் சதை வளரும். சதை வளர்ந்தால் மூச்சு நிற்கும். ஆளுக்கு ஆள் அளவெடுத்துக் குழல் செய்தால் சதை வளர்வது குறைகிறதா என்று அவர் பார்த்துவந்தார். எக்ஸ்ரே படத்தின் மேல் தாளை வைத்து வரைந்த கோட்டை ஆசாரிக்கு அனுப்புவார். ஆசாரி வெள்ளித் தகட்டைச் சுருட்டி, ஒட்டி, உள்ளே அரக்கு உருக்கி ஊற்றி ஆறவிட்டு, கோட்டின்மேல் வைத்து வளைப்பார். பிறகு அரக்கை வடித்து மூன்று தடவை சாராயத்தில் கழுவுவார். இரண்டு பேரிடமும் ஒரே மாதிரி நோட்டுப் புத்தகம் இருந்தது. பெயர், கழுத்தின் ஆழம், வளைவு, போட்ட தேதி, பிறகு நடந்தது. செத்துப்போனவர்களுக்கு எதிரில் டாக்டர் சிவப்பு மையால் கோடு இழுக்கச் சொல்லி எழுதுவார். ஆசாரியிடம் சிவப்பு மை கிடையாது. குங்குமத்தைக் குழைத்து இழுத்தார்.

முதல் தடவை வந்தபோது டாக்டர் ஒரு துணி மூட்டையும் கொண்டுவந்திருந்தார். அதற்குள் வெள்ளையாக, கிளை பிரிந்த வேர்போல ஒரு பொருள். சவக்கிடங்கில் கிடந்த யாரோ ஒருவரின் மூச்சுக்குழாய்க்குள் மாவுக்கட்டுச் சாந்தைக் கரைத்து ஊற்றி எடுத்த அச்சு. மூச்சு போய்வந்த வெற்றிடம் கெட்டியாகி உள்ளங்கையில் உட்கார்ந்திருந்தது. ஆசாரி அதை மாடத்தில் வைத்தார். வேலை செய்யும்போது அது தன் கழுத்தையே பார்ப்பதுபோலிருந்தது. மறுநாள் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். ஆனால் ஒரு நாளும் அதைத் தொட்டுப் பார்க்காமல் வளைவு போட்டதில்லை.

இப்போது செய்துகொண்டிருந்த குழல் இருளம்மாளுக்கு. சிலமலைக்காரி, போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் புருஷன் வெள்ளைத்துரையோடு, கூலிகளின் வரிசை வீடுகளான லயத்தில் குடியிருந்தாள். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் புகைக்குழாய் வெடித்து, கொதிக்கும் புகை அவள் தொண்டைக்குள் போய்விட்டது. உயிர் பிழைத்தாள். மூச்சு கழுத்து வழியாக, குரல் இல்லை. இரண்டு வருஷமாகக் கையைத் தட்டித்தான் ஆளைக் கூப்பிட்டாள். டாக்டர் மேல்வழியைக் கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்தியிருந்தார்.

"குரல் நாண் ரெண்டும் நல்லாத்தான் இருக்கு ஆசாரியாரே. கீழேருந்து காத்து ஏறுறதுக்குத்தான் வழியில்லை," என்றார் டாக்டர். "குழல் முதுகுல ஒரு துளை வேணும். முன்வாயை விரலால் மூடினா, காத்து அந்தத் துளை வழியா மேலே போய்ப் பேச்சாகும். இடம் நெல்லு அளவு தப்பினாலும் சதை உள்ளே புகுந்துடும்."

வெள்ளி வேண்டுமென்றதும் வெள்ளைத்துரை ஒரு ஜோடி தண்டையைக் கொண்டுவந்தான். அவனுடைய மூத்த தாரம் சோலையம்மாளின் தண்டை. அவள் நான்கு வருஷத்துக்கு முன் மஞ்சு மூடிய ஒரு நாளில் சரிவிலிருந்து விழுந்து செத்துப்போனாள். தண்டையைப் பிளந்தபோது உள்ளிருந்த பரல்கள் தரையில் ஓடின. ஆசாரி குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். கடைசிப் பரல் கிடைக்கவில்லை. உருக்கிச் சுத்தம் பண்ணிவிட்டால் எந்த வெள்ளியும் ஒரே வெள்ளிதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

குழல் மதுரைக்குப் போனது. பொருந்திவிட்டது, இருளம்மாள் தன் பெயரைச் சொன்னாள் என்று டாக்டரின் கார்டு வந்தது. ஆசாரி நோட்டில் எழுதிக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து, காலைப் பத்து மணிக்கு, வெள்ளைத்துரை பட்டறை வாசலில் நின்றான். இடுப்பிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து நீட்டினான். உள்ளே அந்தக் குழல்.

"இதுல இருக்கிற ஓட்டைய அடைச்சுக் குடுங்கண்ணே."

"ஏன்?"

"அடைச்சுக் குடுங்கன்னா குடுங்க."

"இப்ப கழுத்துல என்ன போட்டிருக்கா?"

"பழைய குழல மாட்டிவிட்டிருக்கேன். மூச்சு விடுறா."

ஆசாரி மணையைத் தள்ளிப்போட்டார். "உட்காரு தம்பி. என்னன்னு சொல்லு."

அவன் உட்காரவில்லை. "பேசுறா. ஆனா அவ பேசல. ரெண்டு பேரு பேசுறாங்க. அவ வார்த்தைக்கு அடியில இன்னொருத்தி. மொத நாளு என் மூத்தவ மக பொன்னுமணி வெளியே சுள்ளி விறகு பொறக்கிக்கிட்டு இருந்தா. இவ உள்ளேருந்து பேரச் சொல்லிக் கூப்பிட்டா. பிள்ளை 'ஆத்தா'ன்னு ஓடியாருது. இவள அது ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்ல, சின்னாத்தான்னுதான் கூப்பிடும். வாசல்ல வந்து இவளப் பார்த்ததும் நின்னுருச்சு. இவளுக்குப் பின்னாடி எட்டிப் பார்க்குது."

ஆசாரி துணியோடு குழலைக் கையில் வாங்கினார்.

"கோடாங்கியக் கூட்டியாந்து உடுக்கை அடிச்சுப் பார்த்தாச்சு. யாருன்னு கேக்குறாரு. 'இருளம்மா'ன்னு சொல்லுது. ரெண்டு தொண்டையில சொல்லுது. கோடாங்கி உடுக்கையக் கீழ வச்சுட்டாரு. 'கால்ல கெடந்த வெள்ளி கழுத்துக்கு ஏறுனா பேசாம என்னடா செய்யும்'னாரு. லயத்துல ஒரு ஆளும் வீட்டுப் பக்கம் வரமாட்டேங்குறான்."

"இருளம்மா என்ன சொல்றா?"

"அவளக் கேக்க என்ன இருக்கு? குரலே இல்லையே இப்ப."

ஆசாரி குழலைத் துணியிலேயே வைத்தார். "ஆளைப் பார்க்காம நான் அரம் வைக்கிறதில்ல. நாளைக்கு ரெண்டு பேரும் வாங்க."

மறுநாள் லோடு ஜீப்பில் ஏறி இருவரும் வந்தார்கள். இருளம்மாள் முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்தாள். அவள் உள்ளே வரும் முன்பே மூச்சு வந்தது; சன்னமான, ஈரமான சீறல். மணையில் உட்கார்ந்ததும், டாக்டர் கற்றுக்கொடுத்த மாதிரி, சுடுநீரில் போட்டெடுத்த குழலைத் தானே மாற்றிக்கொண்டாள். முன்வாயை விரலால் மூடினாள்.

"கும்புடுறேண்ணே," என்றாள்.

ஆசாரியின் முன்னங்கையில் மயிர் நட்டுக்கொண்டது. கரகரத்த ஒரு குரல் மேலே இருந்தது. அதற்குக் கீழே, அரை மூச்சு பிந்தி, இன்னொன்று இழுத்துக்கொண்டே வந்தது. வார்த்தை இல்லாமல், பெண் குரலாக, ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து பின்பாட்டுப் பாடுவதுபோல. இருளம்மாள் வாயை மூடிய பிறகும் ஒரு கணம் அது இருந்தது. பட்டறை வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து போய்விட்டது.

"நீ என்ன நினைக்கிற தாயி?" என்று கேட்டார் ஆசாரி.

அவள் முன்வாயை மறுபடி விரலால் மூடினாள். "எனக்கும் பயமாத்தேன் இருக்கு," என்றாள். கீழ்க்குரலும் கூடவே இழுத்தது. "ஆனாப் பேசாம இருந்தது அதைவிடப் பயம்ணே. மஞ்சு எறங்குற நேரம் பிள்ளை சரிவுல நின்னா, கையத் தட்டுனா எப்படிக் கேக்கும்? அவ விழுந்த எடம் அதுதேன்."

வெள்ளைத்துரை முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவள் பழைய குழலை மாட்டிக்கொண்டதும் ஆசாரி புதுக் குழலைத் திருப்பி வாங்கி, கழுவி, வழக்கம்போல் முன்வாயில் உதடு வைத்து ஊதினார். வெறும் காற்று. அவளுக்குக் காற்று முன்னாலிருந்து வரவில்லை, நெஞ்சுக்குள்ளிருந்து வருகிறது. இத்தனை வருஷமும் அவர் குழலைத் தலைகீழாகச் சோதித்துக்கொண்டிருந்தார். துளையில்லாத குழலுக்கு அதனால் ஒன்றும் வித்தியாசமில்லை. முன்வாயை விரலால் மூடி, நெஞ்சுக்குள் போகும் நுனியை உதட்டில் வைத்து மெதுவாக ஊதினார்.

வெள்ளி முனகியது.

வெள்ளைத்துரை சுவரோடு ஒட்டிக்கொண்டான். "கேட்டீங்களா? அவதான். இவ கழுத்துல இல்லாமலே பேசுறா."

ஆசாரி மறுபடி ஊதவில்லை. நகத்தைத் துளையின் விளிம்பில் ஓட்டினார். கூர். அப்போதுதான் அவருக்குப் பிடிபட்டது. தண்டையின் வாய்ப்பிளவை மழுங்கலாக விடக்கூடாது. உதடு கத்தியாக இருந்தால்தான் உள்ளே உருளும் பரலின் ஓசை தெறித்து வெளியே வரும். முப்பத்துநாலு வருஷம் கை பழகிய பழக்கம். மனுஷத் தொண்டைக்குப் போகும் துளையையும் கை தண்டை வாய் என்றே நினைத்துக்கொண்டு சீவியிருக்கிறது. ஓடும் காற்று கூரில் மோதினால் புல்லாங்குழல் பாடுவதுபோல் இதுவும் பாடும்.

"தப்பு என்னோடது," என்றார். "விளிம்பு கூரா நிக்கிது. அதான் கத்துது."

"கூரு கத்தினா ஊளையிடும்ணே. எம் மூத்தவ மாதிரி எப்படிக் கத்தும்?"

ஆசாரி அரத்தைக் கையில் எடுத்தார். "நான் இதைச் சரிபண்ணுறேன். ரெண்டு பேரும் இங்கேயே இருங்க. முடிஞ்சதும் நீயே ஊதிப் பாரு. சத்தம் வந்தா அடைச்சுக் குடுத்துடுறேன். வரலைன்னா அவ போட்டுக்கட்டும். சம்மதமா?"

வெள்ளைத்துரை இருளம்மாளைப் பார்த்தான். பிறகு தலையாட்டினான்.

ஆசாரி விளிம்பை மழுக்கினார். நூலில் செங்கல் பொடி தடவித் துளைக்குள் விட்டு இழுத்தார். ஊதினார். முனகல் தணிந்தது, போகவில்லை. பிறகு மீந்த தகட்டில் ஒரு துண்டு வெட்டி, துளைக்குச் சரியாகப் பொருத்தி, கரியைக் கனியவைத்து, ஊதுகுழலை வாயில் வைத்தார். தீயின் நாக்கு வெள்ளியைத் தொட்டது. பற்று ஓடியது. துளை இல்லாமல் போயிற்று.

வெள்ளைத்துரை எட்டிப் பார்த்தான். அவன் குரல் இறங்கியிருந்தது. "போதும்ணே. இப்படியே குடுத்துடுங்க. நாங்க போறோம்."

"வேலை முடியல தம்பி."

"எனக்கு முடிஞ்சிருச்சு. என் வெள்ளி. குடுங்க."

அவன் கை நீண்டது. குழல் இடுக்கியில் இன்னும் சூடாக இருந்தது. ஆசாரி நியாயப்படி கொடுக்கவேண்டும்; வெள்ளி அவனுடையதுதான். அவர் இருளம்மாளைப் பார்த்தார். பழைய குழல் கழுத்தில், பேச்சில்லை. அவள் எழுந்து வந்து, புருஷனின் நீட்டிய கையைப் பிடித்து, மெதுவாகக் கீழே இறக்கினாள். அந்தக் கையை விடவில்லை. இன்னொரு கையின் விரல் நுனியால் அவன் உள்ளங்கையில் புள்ளி வைத்தாள். ஒரு புள்ளி, இன்னொரு புள்ளி. துளை போடு என்கிறாள் என்பது இரண்டு ஆண்களுக்கும் புரிந்தது.

வெள்ளைத்துரை மணையில் உட்கார்ந்துவிட்டான்.

ஆசாரி ஒற்றைத் துளையாகப் போடவில்லை. ஊசி முனைத் துளைகளாக ஏழு போட்டார். பெரிய வாயில் ஓடும் காற்றுக்குத்தான் பாட இடம் இருக்கும், சல்லடையில் அது சிதறும் என்பது அவர் கணக்கு. ஒவ்வொரு துளையின் உதட்டையும் உருண்டையாக்கி, உள்ளேயும் வெளியேயும் பருத்தி நூல் விட்டு இழுத்தார். நூலில் ஒரு இழை சிக்கினால் மறுபடி முதலிலிருந்து. மதியம் போயிற்று. இருளம்மாளின் மூச்சுதான் பட்டறையில் சீறிக்கொண்டிருந்தது. அதன் தாளத்துக்கே அவர் கை இழுத்தது. கடைசி நூல் சிக்காமல் வந்தபோது குழலைச் சாராயத்திலும் சுடுநீரிலும் கழுவித் துடைத்தார்.

"ஊது," என்றார்.

வெள்ளைத்துரை குழலை உதட்டருகில் கொண்டுபோய், நிறுத்தி, மறுபடி கொண்டுபோனான். ஆசாரி அவன் விரலைப் பிடித்து முன்வாயில் வைத்தார். அவன் கண்ணை மூடிக்கொண்டு ஊதினான். காற்று. இன்னும் பலமாக ஊதினான். ஏழு துளையிலும் காற்று மட்டும்தான் வந்தது. மூன்றாம் தரம், நெஞ்சு காலியாகும்வரை ஊதிவிட்டு, காதைக் குழலோடு வைத்துக் கேட்டான்.

"அவ எங்கண்ணே போனா?"

"எனக்குத் தெரியாது தம்பி. நான் கூர மட்டுந்தான் எடுத்தேன்."

அவன் குழலை அவரிடம் திருப்பிக் கொடுத்தான். ஆசாரி அதை மறுபடி ஒரு தடவை கழுவினார். நோட்டில் தேதி போட்டு, ஏழு என்று எழுதி, அதே அளவை ஒரு கார்டில் டாக்டருக்கும் எழுதினார்.

"வியாழக்கிழமை மதுரைக்குப் போங்க. டாக்டர் உள்ளே கண்ணாடி விட்டுப் பார்த்த பெறகு போட்டுக்கிடணும்," என்றார்.

கார்டை வெள்ளைத்துரையிடம் கொடுத்தார். குழலைப் புதுத் துணியில் சுற்றி, நீட்டிய அவன் கையைத் தாண்டி, இருளம்மாளின் உள்ளங்கையில் வைத்தார்.